பதினொரு மணிக் கஞ்சி

அரிசி ஆலைக்கு மேனேஜராக இருக்க என்ன தகுதி வேண்டும் என்று யாராவது கேட்டால், நல்ல குடை ஒன்று வேண்டும் என்பேன். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக நான் மேனேஜர். எனக்கு நெல் அவிக்கத் தெரியாது. மூடை தூக்கத் தெரியாது. ஒரே ஒரு தடவை வீம்புக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மிஷின் நின்றுபோனால் பக்கத்தில் போய் நின்று அதை முறைக்க மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை முடிவெடுப்பது. அதுவும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தது.

நெல்லை ஊறப்போட்டு, அவித்து, சிமெண்டுக் களத்தில் விரித்துக் காயவைக்க வேண்டும். விரித்த பிறகு மழை வந்தால் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மழைக்குப் பயந்து விரிக்காமல் விட்டு, வெயில் பளீரென்று அடித்தால் அவித்த நெல் குவியலுக்குள்ளேயே புழுங்கி வாடை வந்துவிடும். அந்த அரிசியை மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும், மாடும் ஒரு மாதிரியாகப் பார்க்கும். காயவைக்க மிஷின் வாங்கிய ஆலைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எங்கள் முதலாளிக்கோ, வெயில் சும்மா கிடைக்கும்போது மிஷின் எதற்கு என்பதில் அசையாத நம்பிக்கை. ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு என் முன்னால் ஒரே கேள்விதான் நிற்கும். விரிக்கலாமா, வேண்டாமா?

களத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவி என்று யாரையும் நான் போடவில்லை, அவர்களே ஒருத்தியை வைத்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயசு இளையவள் என்று அவள் சொல்லிக்கொள்வாள். ரேஷன் கார்டு வேறு மாதிரி சொல்லும். காலையில் நான் செல்போனில் மழை பார்ப்பேன், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேற்கே மலையைப் பார்ப்பாள். ஆளுக்கு ஒன்று சொல்வோம். தோற்றவர் பத்து மணி டீக்கு ஆமவடை வாங்க வேண்டும். அவள் என்னமோ வானத்தோடு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னளவுக்கே அவளும் தோற்பாள். ஆனால் தோற்றாலும் அவளால் நெல் கெடாது. மூன்று பங்கில் இரண்டு பங்கைத்தான் விரிப்பாள், ஒரு பங்கைக் கொட்டகைக்குள் நிறுத்திவைப்பாள். "நம்ம சொல்லு நமக்கே பலிக்க மாட்டேங்கு, மழைக்கா பலிக்கப் போவுது" என்பாள். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. விரித்தால் முழுக்க விரிக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூட வேண்டும். மேனேஜர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலி டவுணில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் உள்ள ஹாலில், ஆலை மேனேஜர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். நிச்சயமில்லாத நேரத்தில் நல்ல முடிவெடுப்பது எப்படி என்பது தலைப்பு. பங்குனி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் பாடம் எடுத்தார். கோட்டு விஷயத்தில் அவர் எடுத்த முடிவைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். பலகையில் நாலு கட்டம் போட்டார். மேலே மழை வரும், வராது. பக்கத்தில் விரிப்பது, விரிக்காதது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன நஷ்டம், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுத வேண்டும். பெருக்கிப் பார்த்தால் முடிவு தானாக வந்து விழும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அரைக் கிலோ அல்வாவும் நாலு கட்டமுமாக ஊருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாளே கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டிக் கட்டம் போட்டேன்.

"மேனேஜரய்யா பாண்டி வெளையாடப் போறாரு, ஓடு இருந்தா எடுத்துக் குடுங்க" என்று அவள் களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சிரிளா, சிரி. இனி உன் மலையும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம். கணக்கு சொல்லும்."

"வடைய யாரு வாங்கணும்னும் கட்டத்துல போட்டு வைங்க. பெறவு தகராறு வரப்படாது."

அவள் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையிலேயே மூடை தூக்கியவர். ஒரே நேரத்தில் இரண்டு மூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் ஏறி லாரிக்குள் போவார். நான் மூடை தூக்கப்போய் விழுந்த அன்று என்னை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் போட்டவரும் அவர்தான். "மேனேஜரு ஒரு மூடைக்கு நாலு கிலோ கொறையுதாரே" என்று என்னை வைத்துக்கொண்டே ஆட்களிடம் எடை சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வாய் மட்டும் தப்பித்தது. அந்த வாய்க்காக அவள் தினமும் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போவாள். அரை மைல் நடை. தூக்கி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்து, படுக்கவைத்துவிட்டு, பன்னிரண்டுக்குள் களத்துக்கு வந்துவிடுவாள். யாரிடமும் கேட்டுக்கொண்டு போவதில்லை. பதினொரு மணிக்கு நிமிர்வாள், முந்தானையை உதறுவாள், போய்விடுவாள். அவளை வைத்து நான் கடிகாரத்தைத் திருத்தியிருக்கிறேன்.

அவள் வீடு குளத்துக்கரைக்குக் கீழே இருக்கிற தெருவில். ஆற்றிலிருந்து பார்த்தால் தூரம்.

கார்த்திகைக் கடைசியில் வந்த பெருவெள்ளத்துக்கு முந்தின நாள் காலை, செல்போன் லேசான தூறல் என்றது. மறுநாள் லாரி வருகிறது, நெல் காய்ந்தாக வேண்டும். அவள் மேற்கே பார்த்துவிட்டு, "மேகத்துல மலையே காங்கலய்யா. ரெண்டு பங்கு போதும்" என்றாள். நான் கட்டத்தில் பெருக்கிப் பார்த்தேன். முழுக் களமும் விரிக்கச் சொன்னது கட்டம். "நான் தோத்தா இன்னைக்கு பன்னிரண்டு பேருக்கும் வடை" என்றேன்.

மூன்று மணிக்குப் பிடித்தது. அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. விடியவிடிய அது நிற்கவில்லை. மறுநாள் நான் போனபோது களத்தில் கெண்டைக்கால் தண்ணீர், குவியலின் அடி ஊறிக்கொண்டிருந்தது. பஸ் ஓடாததால் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள். கூடை கூடையாக நெல்லை அள்ளித் தலையில் வைத்துக் குடோன் மேடைக்கு ஏற்ற வேண்டும். வேறு வழியில்லை. முந்தின நாள் நான் எடுத்த முடிவைத்தான் அவர்கள் ஐந்து பேரும் தலையில் சுமந்தார்கள். நான் குடை பிடித்திருந்தேன்.

எனக்கு ஆற்றின் மேல்தான் கண். எங்கள் ஊரில் வெள்ளத்தைக் காலகாலமாக ஆற்றுக்குள் நிற்கும் கல் மண்டபத்தை வைத்துத்தான் அளப்பார்கள். மண்டபத்துக் கூரை முங்கினால் ஆலைக்குள் தண்ணீர் வரும், முங்கவில்லை என்றால் வராது. படித்துறைப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவருக்கு அரைமணிக்கு ஒருதடவை போன் போட்டேன்.

"அண்ணாச்சி, தண்ணி எங்கன நிக்கு?"

"தூணுல பாதி ஏறிருக்குவே. கூர முங்க இன்னும் ஆள் ஒசரம் கெடக்கு. பயப்படாதயும்."

ஒவ்வொரு தடவையும் கரும்பலகையில் போய் எழுதிவைத்தேன். அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

பத்தே முக்காலுக்கு லாரி டிரைவர் கூப்பிட்டான். வர முடியாது, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்றவன், போனை வைக்கும்போது, "இன்னொரு சமாச்சாரம் அண்ணாச்சி. உங்க ஊர்க் குளம் மறுகால் பாயுது. ரோட்டுல நின்னு பாத்தேன். என்னா அழகுங்கிய" என்றான்.

குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியே வழிவதைத்தான் மறுகால் பாய்வது என்போம். மூன்று வருஷமாகப் பாயவில்லை. நான் குடையை ஆட்டிக்கொண்டே களத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஏளா, கொளம் மறுகால் பாயுதாம். பிசான அறுப்புக்கு வர்ற நெல்லு இந்த வருஷம் நம்ம களம் கொள்ளாது." பெண்கள் கூடைகளை அப்படியே இறக்கிவைத்துவிட்டுக் குலவை போட்டார்கள். முதல் குலவை அவளுடையது.

அந்தச் சத்தத்தை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் குளம் நிறைந்தது என்பது பயப்படுகிற செய்தி இல்லை. அதற்குத்தான் நாங்கள் நேர்ந்துகொள்கிறோம், மடையில் போய்த் தேங்காய் உடைக்கிறோம். பயப்பட வேண்டியது ஆற்றுக்குத்தான். என் பலகையில் ஆற்றுக்கு ஆறு வரி இருந்தது. குளத்துக்கு ஒரு குலவை.

பதினொரு மணிக்கு அவள் நிமிர்ந்தாள். முந்தானையைப் பிழிந்தாள். கிளம்பவில்லை. குவியலைப் பார்த்தாள். பாதிக்கு மேல் கிடந்தது. என் பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, ஒரு எட்டுப் போய் கஞ்சி குடுத்துட்டு ஓடியாந்துரட்டுமா?"

ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்காமல் போயிருக்கலாம்.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கோளா. நீயும் போய்ட்டா இவளுவளும் போய்ருவாளுவ. நெல்லு அம்புட்டும் வாட வந்துரும்."

"அவுரு பாத்துக்கிட்டுக் கெடப்பாருய்யா."

"உன் வீட்டுக்கும் ஆத்துக்கும் எம்புட்டுத் தூரம்? இந்த ஊருலயே தண்ணி வராத எடம் உன் வீடுதான். கஞ்சி ஆறிப்போனா குடிக்க மாட்டாராக்கும்?"

"ஆறின கஞ்சின்னா என்னயத்தான் வைவாரு."

"வையட்டும். அந்த ஒரு உறுப்புதான் வேல செய்யுது. அதுக்கும் வேல குடு."

அவள் சிரித்துவிட்டாள். தலையை ஆட்டிக்கொண்டே போய்க் கூடையை எடுத்தாள். நான் சொன்ன நகைச்சுவைகளிலேயே நன்றாக வேலை செய்தது அதுதான்.

பதினொன்றரைக்குக் குளத்துக்கரை உடைந்தது. எங்களுக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கூடையை இறக்கிவிட்டு அவள் கிளம்பினாள். கால்மணி நேரத்தில் டிரைவர் மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை, "கொளத்துக்கர ஒடஞ்சிட்டு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருவுக்குத் திரும்புகிற இடத்தில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாலைந்து பேர் அவளைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் தெரு இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "கஞ்சி குடுக்கணும், விடுங்க" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடித் தப்பியிருந்தார்கள். அவரை ஏன் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மணி பதினொண்ணு தாண்டிட்டுல்லா. அவ வந்திருப்பான்னு நெனச்சிட்டோம் அண்ணாச்சி."

கட்டில் மறுநாள் ஒரு வாழைத்தோப்பில் கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் அவர்.

மண்டபத்துக் கூரை கடைசிவரை முங்கவில்லை. ஆலைக்குள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. குடோன் மேடையில் நெல் பத்திரமாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஆலையில்தான் நெல் தப்பியது என்று பேச்சாயிற்று. முதலாளி என் தோளைத் தட்டினார். பிறகு ஆலைக்காரர்கள் சேர்ந்து அதே ஜவுளிக்கடை மாடி ஹாலில் கூட்டம் போட்டு, நெருக்கடியில் நிதானம் தவறாத மேனேஜர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கேட்டால் மறுக்கத் தெரியாதது என் நிர்வாகத் திறமைகளில் ஒன்று. அதே கோட்டுக்காரர் வந்திருந்தார். அதே நாலு கட்டம். இந்தத் தடவை புதிதாக ஒன்று சொன்னார். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை விளைவை வைத்துப் பார்க்கக் கூடாது, முடிவெடுத்த நேரத்தில் நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல்தடவையாக யாரோ என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்தது போல் இருந்தது. பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கரை உடையும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் எடுத்தது நல்ல முடிவு, வந்தது கெட்ட விளைவு. இதைச் சொல்லிக்கொண்டே முக்கால் வழி வந்துவிட்டேன்.

பிறகு, என்ன தெரிந்திருந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். குளம் நிறைந்து வழிகிறது என்று தெரியும். அவள் வீடு கரைக்குக் கீழே என்று தெரியும். அவரால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். மூன்றும் எனக்குள்தான் இருந்தன. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். குலவை ஒரு பக்கம் கிடந்தது, கஞ்சி ஒரு பக்கம் கிடந்தது, இரண்டுக்கும் நடுவில் நான் ஆற்றுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுக்காரர் கொடுத்த அளவுகோலிலேயே நான் தோற்றிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பொன்னாடையை சீட்டிலேயே மறந்துவிட்டேன். மறந்ததாக வீட்டில் சொன்னேன்.

பதினாறு கழிந்து அவள் வேலைக்கு வந்தாள். காலை ஏழு மணிக்கு நான் குடையோடு போய் நின்றேன். செல்போனை எடுக்கவில்லை. "என்னளா, இன்னைக்கு எப்படி?" என்றேன், பழைய மாதிரி.

அவள் மலைப் பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க சொல்லுங்கய்யா. விரிக்கச் சொன்னா விரிக்கோம்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன். அவள் எனக்குக் கீழ்ப்படிந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்குக் கீழ்ப்படிந்ததே கிடையாது. அன்று மூன்றில் இரண்டு பங்கு விரிக்கச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் களத்துக்குள் இறங்கினாள்.

ஊரில் எல்லாரும் எனக்கு ஒரே ஆறுதலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிரைவர்தான் ஆரம்பித்தது. "அவ போயிருந்தா அவளும்லா போயிருப்பா அண்ணாச்சி. நீங்க ஒரு உசுரக் காப்பாத்திருக்கிய." கேட்கக் கேட்க அது எனக்குப் பழகிப்போனது. ஒருநாள் நெல்லை அள்ளி முடித்து அவள் தனியாகக் களம் கூட்டிக்கொண்டிருந்தபோது, என் நாக்கு சும்மா இராமல் அவளிடமே அதைச் சொல்லிவிட்டது. "அன்னைக்கு நீ போயிருந்தா, நீயும்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றேன்.

அவள் விளக்குமாற்றை நிறுத்தாமல்தான் பதில் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் பக்கத்துலதானய்யா."

மூலையில் கிடந்த பதரை ஒதுக்கினாள்.

"அவுரு இப்பம் அரை மூட கனங்கூட இல்ல. தெனமும் நாந்தான தூக்குதேன். தோள்ல போட்டுட்டு மாடிக்கு ஏறிருப்பேன்." இரண்டு எட்டு கூட்டிக்கொண்டே போனாள். "அன்னைக்கு எத்தன கூட நெல்லு தூக்கினேன். நீங்க எழுதி வச்சிருப்பிய."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் குரலில் அது இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குள் எத்தனை வருஷத்துக் குத்தல்! எடையைச் சொன்னாள், அவ்வளவுதான், அவர் என் எடையைச் சொன்ன மாதிரி.

மறுநாள் கரும்பலகையைக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு முடிவெடுத்தேன். நிர்வாக முடிவு. மழையோ வெயிலோ, லாரி நின்றாலும் நெல் கெட்டாலும், பதினொரு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும். வீட்டில் முடியாதவர்கள், பிள்ளைகள் இருக்கிறவர்கள் ஒரு மணி நேரம் போய்விட்டு வரலாம், யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். முதலாளி முகம் சுளித்தார். நான் முதல்தடவையாக அவருக்குக் காரணம் சொல்லவில்லை. பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்.

நல்ல முடிவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். கட்டம் போடாமல், பெருக்கிப் பார்க்காமல் எடுத்த முடிவு.

முதல் நாள் பதினொரு மணிக்கு மணி அடித்தேன். பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். பதினொரு பேர். அவளும் நிமிர்ந்தாள். முந்தானையை உதறினாள். கேட் வரைக்கும் நடந்தாள். அங்கே சற்று நின்றாள்.

பிறகு திரும்பி வந்து, விரித்த நெல்லுக்குள் இறங்கி, காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே களத்தின் அந்தக் கோடிவரை போனாள். அங்கிருந்து இந்தக் கோடிக்கு வந்தாள். பன்னிரண்டு மணிவரை அந்தக் களத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மணி இப்போதும் தினம் அடிக்கிறது. நான்தான் அடிக்கிறேன்.